பழைய வில்லிஸ் ஜீப்பின் ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜின் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டுப்பாளையம், கோவைப் பக்கம் ஜீப் வேலை நடக்கும் பட்டறைகளில் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வண்டி தாத்தா வாங்கியது, எஸ்டேட் ஷெட்டில் கிடந்தது, ஏலத்தில் எடுத்தது என்று கதை மாறும், கேள்வி மாறாது. மஹிந்திராவின் பழைய சிஜே-3பி ஜீப்பில் வரும் ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜினைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்கள் பேசிய மாதிரியே தொகுத்திருக்கிறேன். அளவுகளைப் பட்டறை வழக்கப்படி 'தவ்' கணக்கில் எழுதியிருக்கிறேன். ஒரு தவ் என்றால் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மில்லிமீட்டர்.

என் ஜீப்புல இருக்குறது எந்த என்ஜின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பானெட்டைத் திறந்து கார்ப்பரேட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். என்ஜினின் பக்கவாட்டில் மேனிஃபோல்டின் மேல் இருந்து, ஹெட் தட்டையாக இருந்தால் அது கோ-டெவில். இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் எம்பி ஜீப்பின் என்ஜின் அதுதான். ஹெட்டுக்கு மேல் ராக்கர் கவர் இருந்து, கார்ப்பரேட்டரும் நேராக ஹெட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தால் அது ஹரிக்கேன். இரண்டுக்கும் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 3⅛ அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் நீளம்) 4⅜ அங்குலம், கொள்ளளவு 2,199 சிசி. அடிப்பாகம் ஏறக்குறைய ஒன்றே.

வித்தியாசம் வால்வில். கோ-டெவிலில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் பிளாக்குக்குள் இருக்கும். ஹரிக்கேனில் எக்ஸாஸ்ட் மட்டும் பிளாக்கில் இருக்க, இன்டேக்கை ஹெட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். வால்வைப் பெரிதாக வைக்க இடம் கிடைத்தது. 60 குதிரைத்திறனாக இருந்தது 70-ஐத் தாண்டியது. என்ஜின் உயரமானதால்தான் சிஜே-3பி-யின் பானெட்டும் அவ்வளவு உயரமாக இருக்கிறது. இன்ஜெக்டர் பைப்புகள் தெரிந்தால் யாரோ டீசலுக்கு மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படியானால் கீழே உள்ள அளவுகள் உங்களுக்குப் பொருந்தாது.

புகை அடிக்குது. என்ஜினை இறக்கியே ஆகணுமா?

இந்த ஒரு கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லித்தான் பல நல்ல என்ஜின்கள் வீணாக வெட்டப்பட்டிருக்கின்றன. முதலில் புகையின் நிறத்தையும் அது வரும் நேரத்தையும் கவனியுங்கள். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம்: கார்ப்பரேட்டர், சோக், ஏர் ஃபில்டர். சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகையோடு ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டோ விரிசலோ. நீலம் என்றால் ஆயில் எரிகிறது.

நீலப் புகையிலும் இரண்டு வகை உண்டு. ஏற்றத்தில் மிதிக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங், போர் பக்கம் சந்தேகப்படலாம். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு வந்து, அடிவாரத்தில் மறுபடி மிதிக்கும்போது குபுக்கென்று ஒரு மேகம் கிளம்பினால், அது பெரும்பாலும் இன்டேக் வால்வ் கைடும் (வால்வ் தண்டு ஏறி இறங்கும் குழல்) அதன் சீலும். ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்டேக் பக்கம் உறிஞ்சல் அதிகமாகும். தேய்ந்த கைடு வழியாக ராக்கரில் தெறிக்கும் ஆயில் உள்ளே இறங்கும். ஹரிக்கேனில் இன்டேக் வால்வுகள் ஹெட்டில்தான் இருக்கின்றன. ஆகவே இதற்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். பிஸ்டனைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று: கிராங்க்கேஸ் புகையை இன்டேக்குக்கு இழுக்கும் சிறிய வெண்டிலேஷன் வால்வ் உங்கள் வண்டியில் இருந்தால், அது திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் ஆயிலை உறிஞ்சும், ஐட்லிங்கும் கெடும். அதைக் கழற்றிக் கழுவிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

கம்ப்ரெஷன் எவ்வளவு வரணும்? ஊட்டியில செக் பண்ணினப்ப 95 தான் வந்துச்சு, என்ஜின் போச்சுன்னு சொல்லிட்டாங்க.

சமவெளியில் 120 முதல் 130 பிஎஸ்ஐ வர வேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10-க்குள் இருக்க வேண்டும். என்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, நல்ல பேட்டரியோடு செல்ஃப் அடித்துப் பார்க்கும் கணக்கு இது. திராட்டில் மூடியிருந்தாலோ பேட்டரி இறங்கியிருந்தாலோ வரும் எண்ணை நம்பாதீர்கள்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். உள்ளே போகும் காற்று குறைந்தால் அழுத்தமும் குறையத்தான் செய்யும். சமவெளியில் 125 காட்டும் ஆரோக்கியமான என்ஜின், ஊட்டியில் சுமார் 95 காட்டும். நான்கு சிலிண்டரும் 95-ஐ ஒட்டி வந்திருந்தால் உங்கள் என்ஜின் போகவில்லை, நன்றாக இருக்கிறது. மலையில் எண்ணைவிட நான்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.

பல வருஷம் ஷெட்டுல நின்ன வண்டி. என்ஜின் ஜாம். இழுத்து ஸ்டார்ட் பண்ணலாமா?

கூடவே கூடாது. ஒட்டியிருக்கும் பிஸ்டனைச் சக்கரத்தின் பலத்தால் இழுத்தால் ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றிச் சில நாள் விடுங்கள். பிறகு கிராங்க் முன்பக்க நட்டில் நீளமான கைப்பிடி போட்டு, ஒரே திசையில் முறுக்காமல், முன்னும் பின்னுமாக லேசாக ஆட்டுங்கள். ஒரு டிகிரி அசைந்தாலே பாதி வேலை முடிந்தது.

சுற்ற ஆரம்பித்ததும் சந்தோஷத்தில் செல்ஃப் அடித்துவிடாதீர்கள். எக்ஸாஸ்ட் வால்வுகள் பிளாக்கில், கைடிலேயே துருப்பிடித்துத் திறந்தபடி நின்றிருக்கக்கூடும். பக்கத்தில் உள்ள டப்பெட் (கேம் தள்ள, வால்வைத் தூக்கும் பாகம்) கவரைக் கழற்றி, கையால் சுற்றும்போது நான்கு வால்வும் ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

ஹெட் போல்ட் எல்லாம் கழட்டியாச்சு, ஹெட் மட்டும் வரவே மாட்டேங்குது. கடப்பாரை போடலாமா?

போடாதீர்கள். இன்னும் ஒரு போல்ட் பாக்கி இருக்கிறது. ஹரிக்கேனில் இன்டேக் மேனிஃபோல்டு தனியாகக் கிடையாது. ஹெட்டோடு சேர்த்தே வார்த்திருக்கிறார்கள். கார்ப்பரேட்டரைக் கழற்றிவிட்டு அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில், கரி படிந்து, போல்ட் என்றே தெரியாமல் ஒரு போல்ட் தலை உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றாமல் நெம்பினால் ஹெட் உடையும். உடைந்து வந்த ஹெட்டுகளில் பலதும் இப்படி உடைந்தவைதான்.

திரும்ப மாட்டும்போதும் அதே போல்ட்டைத்தான் மறப்பார்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சில் 60 முதல் 70 அடி-பவுண்டு வரை இறுக்க வேண்டும். உள்ளே ஒளிந்திருக்கும் போல்ட்டுக்கும் அதே அளவுதான்.

கழட்டும்போது எதையெல்லாம் குறிச்சு வைக்கணும்?

எந்த சாமான் எங்கே தேய்ந்து பழகியதோ அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். கனெக்டிங் ராடுகளும் அவற்றின் கேப்புகளும் ஜோடி. ஒன்றின் கேப்பை இன்னொன்றுக்குப் போட்டால் வட்டமே வராது. இந்த என்ஜினில் ராடுகள் நடுவிலிருந்து சற்று ஒரு பக்கம் விலகி அமைந்தவை, ஆகவே திசையும் முக்கியம். கழற்றும் முன்பே சிலிண்டர் எண்ணையும் முன்பக்கம் எது என்பதையும் எண் பஞ்ச் (இரும்பில் எண் பதிக்கும் உளி) கொண்டு குத்தி வையுங்கள். டப்பெட், புஷ்ராடு, வால்வ் எல்லாவற்றையும் ஓர் அட்டையில் துளை போட்டு வரிசையாகச் செருகுங்கள்.

பலர் தொலைப்பது கிராங்கின் முன்பக்கம், டைமிங் கியருக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஷிம்களை. கிராங்க் முன்னும் பின்னும் அசையும் இடைவெளி 4 முதல் 6 தவ்வுக்குள் நிற்பது இந்த ஷிம்களால்தான். கழுவும் தொட்டியின் அடியில் கசடோடு போய்விடும். தனியாக ஒரு கவரில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

ரிங் மட்டும் மாத்தினா போதுமா, இல்ல போர் பண்ணணுமா?

இதைக் கண்ணால் பார்த்துச் சொல்பவரை நம்பாதீர்கள். போர் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும், ஒவ்வோர் இடத்திலும் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளக்க வேண்டும். மேல் ரிங் வந்து திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். மேலும் கீழும் வித்தியாசமோ, நீளத்துக்கும் குறுக்குக்கும் வித்தியாசமோ 5 தவ்வைத் தாண்டினால் போர் பண்ணத்தான் வேண்டும். அதற்குள் என்றால், மேலே நிற்கும் விளிம்பை எடுத்துவிட்டு, லேசாக ஹோனிங் செய்து (சுவரைக் கல்லால் தேய்த்து), புது ரிங் போட்டு நிம்மதியாக ஓட்டலாம்.

புது ரிங்கை அப்படியே மாட்டாதீர்கள். பிஸ்டன் இல்லாமல் ரிங்கை மட்டும் போருக்குள் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். போர் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 3 முதல் 4 தவ் என்பது பொதுக் கணக்கு. இந்த என்ஜினுக்குச் சுமார் 10 முதல் 12 வரும். இடைவெளி இல்லாத ரிங் சூட்டில் நீண்டு, முனைக்கு முனை இடித்து, போரைக் கிழித்துவிடும்.

லேத்துக்காரர் "எதுக்கு 10, 20-ன்னு அலையணும், நேரா 40 போட்டுடுவோம்"ங்கிறார். சரியா?

சரியில்லை. ஒவ்வொரு போரிங்கும் திரும்பி வராத இரும்பு. 10, 20, 30, 40 தவ் கூடுதல் என்று ஓவர்சைஸ் பிஸ்டன்கள் வருவதே, தேய்மானம் மறைகிற அளவுக்கு மட்டும் வெட்ட வேண்டும் என்பதற்காகத்தான். 20-இல் சுத்தமாகும் போரை 40-க்கு வெட்டினால், இன்னும் பல வருடம் ஓடியிருக்கக்கூடிய ஒரு பிளாக்கின் ஆயுளை ஒரே மதியத்தில் எடுத்துவிடுகிறீர்கள். 40-ம் தாண்டிய பிளாக்கை ஸ்லீவ் (போருக்குள் இறக்கும் இரும்புக் குழல்) போட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம், ஆனால் அது தனிச் செலவு. முந்தைய கேள்வியில் சொன்ன அளவுகளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, அதை வைத்துப் பேசுங்கள். கோவையில் நல்ல கை உள்ள போரிங் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அளவு எழுதித் தருகிறவரிடம் போங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் பிஸ்டன் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ப அந்தந்தச் சிலிண்டரை வெட்ட வேண்டும். பெட்டியில் 20 என்று அச்சடித்திருப்பதை நம்பி வெட்டிவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை.

வெட்டியது சரியா என்று பார்க்க வில்லிஸ் கையேட்டிலேயே ஒரு வழி உண்டு, இன்றும் அதைவிட நேர்மையான சோதனை இல்லை. ரிங் மாட்டாத பிஸ்டனைத் தலைகீழாகப் போருக்குள் இறக்குங்கள். முக்கால் அங்குல அகலமும் 3 தவ் தடிமனும் உள்ள ஃபீலர் பட்டையைப் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே முழு நீளத்துக்கும் விடுங்கள். மீன் கடையில் தொங்கும் கொக்கித் தராசு ஒன்றைப் பட்டையின் நுனியில் மாட்டி நேராக மேலே இழுங்கள். 5 முதல் 10 பவுண்டுக்குள், அதாவது சுமார் இரண்டேகால் கிலோவிலிருந்து நாலரை கிலோவுக்குள் இழுபட்டால் சரியான பிடி. சும்மா வந்துவிட்டால் போர் லூஸ்; வரவே மாட்டேன் என்றால் டைட். நான்கு சிலிண்டரிலும் ஒரே மாதிரி வர வேண்டும்.

கிராங்க் பாக்க பளபளன்னு இருக்கு. பழைய பேரிங்கையே போட்டுடலாமா?

பளபளப்பு அளவு ஆகாது. ஜர்னலை (கிராங்கில் பேரிங்குக்குள் சுற்றும் பகுதி) மைக்ரோமீட்டரில் இரண்டு திசையிலும் அளந்து, வட்டம் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். விரல் நகத்தை வைத்துத் தேய்த்தால் நகம் மாட்டுகிற கோடு இருந்தால் கிரைண்டிங்தான். இதிலும் 10, 20, 30 என்று அண்டர்சைஸ் பேரிங்குகள் உண்டு. போருக்குச் சொன்ன அதே நியாயம், தேவையான அளவுக்கு மட்டும். கிரைண்டிங் செய்பவரிடம் ஜர்னலின் ஓரத்தில் இருக்கும் வளைவை அப்படியே விடச் சொல்லுங்கள். மூலை கூர்மையாகிவிட்டால் கிராங்க் அந்த இடத்தில்தான் ஒடியும். நான்கு சிலிண்டருக்கு மூன்றே மெயின் பேரிங் உள்ள கிராங்க் இது, சுமை அதிகம்.

பட்டறையிலிருந்து வந்த கிராங்கின் ஆயில் துளைகளை நீங்களே சுத்தம் செய்யுங்கள். மெல்லிய பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து ஒரு துளையில் விட்டு மறு துளையில் எடுங்கள். கல்லின் தூள் சாம்பல் நிறக் களிம்பாக வரும். வெள்ளைத் துணியில் கறை படியாதவரை விடாதீர்கள். அந்தத் தூள் உள்ளே இருந்தால் புது பேரிங் முதல் நாளே முடிந்தது.

பேரிங் மாட்டிய பின் பிளாஸ்டிகேஜ் இழையை ஜர்னலின் மேல் வைத்து, கேப்பை முழு டார்க்கில் இறுக்கிக் கழற்றி, நசுங்கிய அகலத்தை அட்டையோடு ஒப்பிடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டரை தவ்வுக்குள் இருந்தால் திருப்தி. மெயின் கேப் போல்ட்டுக்கு 65 முதல் 75 அடி-பவுண்டு. ராடு போல்ட்டுக்குப் பழைய, புதிய வகைகளில் அளவு வேறுபடும், உங்கள் என்ஜினுக்கான கையேட்டைப் பாருங்கள்.

எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் போருக்கும் நடுவுல மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரியுது. பிளாக் குப்பையா?

எக்ஸாஸ்ட் வால்வ் பிளாக்கில் இருப்பதன் விலை இது. சிவக்கச் சூடாகும் வால்வ் சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருப்பது குறுகலான இரும்புப் பாலம். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்த நிலையில் ஒரு முறை நன்றாகச் சூடேறி, உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பாலம் விரிசல் விடும். நிறமூட்டி சோதனையும் தண்ணீர் அழுத்தச் சோதனையும் செய்து, விரிசல் தண்ணீர் அறைவரை போகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே முடிவெடுங்கள். இந்தச் சோதனைகளைப் போரிங்குக்கு முன்பே செய்ய வேண்டும். வெட்டிய பிறகு விரிசல் தெரிந்தால் போரிங் காசும் போச்சு.

சரிசெய்யலாம். வார்ப்பிரும்புக்கு ஏற்ற வழி, விரிசல் நெடுக அடுத்தடுத்துத் துளையிட்டு மரை வெட்டிய பின்களை ஒன்றை ஒன்று கவ்வும்படி இறக்கித் தைப்பது. பிறகு புது சீட், தேவைப்பட்டால் ஸ்லீவ். தெருவோர வெல்டிங்கில் ஒரு கோடு இழுத்து மூடினால், ஆறும்போது பக்கத்திலேயே இன்னொரு விரிசல் வரும்.

பிளாக் கையில் இருக்கும்போது வெல்ச் பிளக்குகளை (தண்ணீர் அறையின் துளைகளை மூடும் தகடுகள்) எல்லாம் தட்டி எடுத்து, தண்ணீர் அறையின் பின்பகுதியைக் கம்பி விட்டுக் கிளறுங்கள். நான்காவது சிலிண்டரைச் சுற்றித் துருவும் சுண்ணாம்பும் சேறாக இறுகிக் கிடக்கும். ரேடியேட்டர் மாற்றியும் சூடு குறையாத வண்டிகளில் நோய் இங்கேதான்.

இப்ப வர்ற பெட்ரோல் இந்தப் பழைய என்ஜினுக்கு ஒத்துக்குமா?

ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-இல் நின்றது. ஈயம் எக்ஸாஸ்ட் சீட்டைத் தேய்மானத்திலிருந்து காத்தது உண்மை. ஆனால் ஹரிக்கேனின் எக்ஸாஸ்டில் தனிச் சீட் வளையம் இறக்கியிருப்பார்கள். என்ஜின் வேலை செய்யும்போது இன்றைய கடின வகைச் சீட்டும் நல்ல வால்வும் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

20 சதவீத எத்தனால்தான் இன்றைய பிரச்சினை. பழைய பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், ரப்பர் ஹோஸ், கார்ப்பரேட்டர் கிட்டில் உள்ள சீல் எல்லாம் ஊறி இளகும். எத்தனால் தாங்கும் ரப்பராக மாற்றுங்கள். கலவையும் சற்று லீன் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறையும். கார்ட்டராக இருந்தாலும் நம் ஊரில் பலர் மாற்றிப் போட்டிருக்கும் சோலெக்ஸாக இருந்தாலும், ஜெட்டைச் சமவெளியில் ஒரு முறை சரிபாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். ஈரத்தை இழுத்து, அடியில் தண்ணீர் நிற்கும்.

டப்பெட் சத்தம் சுத்தமா இல்லாம செட் பண்ணித் தர்றேன்னு மெக்கானிக் சொல்றார். நல்லதுதானே?

வேண்டாம் என்று சொல்லுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக்குக்கு 18 தவ், எக்ஸாஸ்டுக்கு 16 தவ் இடைவெளி இருக்க வேண்டும். இன்டேக்கை மேலே ராக்கரிலும், எக்ஸாஸ்டைப் பக்கவாட்டு டப்பெட் கவருக்குள்ளும் செட் பண்ண வேண்டும். இரண்டாவது இடம் மேனிஃபோல்டுக்குக் கீழே, கை நுழையச் சிரமமான இடம், அதனால் பலர் மேலே மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

சத்தம் போகட்டும் என்று எக்ஸாஸ்டை இறுக்கினால், சூட்டில் தண்டு நீண்டு வால்வ் முழுதாக மூடாது. மூடி சீட்டைத் தொடும் நேரத்தில்தான் வால்வின் சூடு பிளாக்குக்கு இறங்குகிறது. மூடாத வால்வ் எரியும். மேலே பார்த்த விரிசலுக்கும் அதுவே வழி. லேசான, சீரான டிக் டிக் இந்த என்ஜினின் இயல்பு.

ஆயில் பம்ப்பைக் கழட்டி, கழுவி, அப்படியே மாட்டினேன். அதுக்கப்புறம் ஸ்டார்ட்டே ஆகல. பம்ப்புக்கும் ஸ்டார்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். கேம்ஷாஃப்ட் ஆயில் பம்பின் கியரைச் சுற்றுகிறது. பம்பின் தண்டில் உள்ள வெட்டில் நாக்கை மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றுகிறது. பம்பை ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இக்னிஷன் டைமிங் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். டிஸ்ட்ரிபியூட்டரை நீங்கள் தொடவே இல்லை என்பதால் யாரும் அங்கே சந்தேகப்பட மாட்டார்கள்.

முதல் சிலிண்டர் பிளக் துளையில் விரலை வைத்துக் கிராங்கைக் கையால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும் ஸ்ட்ரோக்கில் டைமிங் குறியை மேல் புள்ளிக்கு 5 டிகிரி முன்னால் நிறுத்துங்கள். அப்போது ரோட்டர் முதல் சிலிண்டர் வயரைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் பம்பை இறக்கிப் பல்லை மாற்றி மாட்டுங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. பாயின்ட் இடைவெளி 20 தவ், பிளக் இடைவெளி 30 தவ்.

ஐட்லிங்ல ஆயில் பிரஷர் முள்ளு கீழ படுத்துருது. ஆபத்தா?

சூடான என்ஜினில் ஐட்லிங்கில் 6 பிஎஸ்ஐ இருந்தாலே கையேடு ஏற்றுக்கொள்கிறது. 2,000 சுற்றில் 35 வருவது இயல்பு, 20-க்குக் கீழே போனால் ஆபத்து. முதலில் வேறொரு நல்ல கேஜை மாட்டிப் பாருங்கள், பழைய கேஜ்கள் பொய் சொல்லும். பிறகு ரிலீஃப் வால்வ் ஸ்பிரிங், பம்ப், கடைசியில் பேரிங் இடைவெளி. கெட்டியான ஆயில் ஊற்றி முள்ளைத் தூக்குவது தேய்ந்த பேரிங்கைக் குணமாக்காது.

இந்த என்ஜினின் ஆயில் ஃபில்டர் பைபாஸ் வகை. பம்பிலிருந்து வரும் ஆயிலில் ஒரு பங்கு மட்டுமே ஃபில்டர் வழியாகப் போய் சம்புக்கு (அடியில் உள்ள ஆயில் தொட்டி) திரும்புகிறது. பேரிங்குக்குப் போவது வடிகட்டாத ஆயில். ஆகவே புது வண்டியின் கிலோமீட்டர் கணக்கு இங்கே செல்லாது. சம்ப்பில் ஏறுவது நான்கு லிட்டர்தான், அடிக்கடி மாற்றுங்கள்.

என்ஜின் வேலை முடிஞ்சும் பின்னாடி ஆயில் சொட்டுது. ரியர் சீல் மறுபடி போச்சா?

கிளட்ச் ஹவுசிங் அடியில் சொட்டுவதெல்லாம் ரியர் சீல் இல்லை. விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் அது கியர் பாக்ஸ் அல்லது டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில். என்ஜின் ஆயில்தான் என்றால், ஃப்ளைவீலுக்குப் பின்னால் கேம்ஷாஃப்ட் துளையை மூடும் தட்டு பிளக்கைப் பாருங்கள்; என்ஜின் வேலையில் அதை மாற்றப் பலர் மறந்துவிடுகிறார்கள். டப்பெட் கவர் கேஸ்கெட்டிலிருந்து வழிந்து பின்னால் ஓடிவருவதும் உண்டு. புகை பற்றிய கேள்வியில் சொன்ன வெண்டிலேஷன் அடைத்திருந்தால், உள்ளழுத்தமே எந்தச் சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். இவையெல்லாம் பார்த்த பிறகு கியர் பாக்ஸை இறக்குங்கள்.

புது என்ஜினை முதல் தடவை எப்படி ஸ்டார்ட் பண்றது? ரன்னிங் எப்படி?

மாட்டும் முன் பம்புக்குள் ஆயில் நிரப்புங்கள். பிளக்குகள் இல்லாமல், கேஜில் முள் எழும்வரை விட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். முள் எழுந்த பிறகே பிளக், பெட்ரோல். புது கேம், டப்பெட் போட்டிருந்தால், ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல் 1,500-க்கும் 2,000-க்கும் நடுவே ஏற்றி இறக்கி இருபது நிமிடம் ஓட்டுங்கள். கேமும் டப்பெட்டும் தெறிக்கும் ஆயிலில் வாழ்பவை. ஐட்லிங்கில் அந்தத் தெறிப்பு போதாது. சிந்தெடிக் ஆயில் இப்போது வேண்டாம். துத்தநாகச் சேர்மானம் உள்ள சாதாரண 20டபிள்யூ-50 நல்லது.

ரிங் பழகுவதற்கு மிதமான பாரம் தேவை. பயந்து பயந்து உருட்டிக்கொண்டே இருந்தால் போர் சுவர் வழவழத்துப்போய் ரிங் உட்காராது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு தாண்டிக் கொஞ்ச தூரம் ஏறி, திரும்பி இறங்குவது நல்ல பாடம்: ஏற்றத்தில் பாரம், இறக்கத்தில் உறிஞ்சல். முதல் ஓட்டம் முடிந்து என்ஜின் முழுதாக ஆறிய பின் ஹெட் போல்ட்டுகளை மறுபடி டார்க் பாருங்கள், கார்ப்பரேட்டருக்கு அடியில் உள்ளதையும் சேர்த்து. அதன் பிறகு வால்வ் இடைவெளி.

எல்லாம் பண்ணியாச்சு. பர்லியார் தாண்டினா தண்ணி கொதிக்குது.

உயரம் ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். ஊட்டி உயரத்தில் சுமார் 92 டிகிரியிலேயே. ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் ஒவ்வொரு பிஎஸ்ஐ-க்கும் கொதிநிலையை ஒன்றரை டிகிரிக்கு மேல் உயர்த்தும். ஆகவே ரப்பர் போன மூடி ஒன்றே போதும், மலையில் வண்டியை நிறுத்த. மூடியை மாற்றியும் கொதித்தால் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா, கலவை லீனா, பிளாக்கின் பின்பகுதிச் சேறு எடுக்கப்பட்டதா என்று இந்த வரிசையில் பாருங்கள். புதிதாகப் போர் செய்த என்ஜின் முதலில் சற்றுக் கூடுதலாகச் சூடாவதும் இயல்பு, ரிங் பழகியதும் இறங்கும். கொதித்த என்ஜினில் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். காரணம் விரிசல் கேள்வியில் இருக்கிறது.

இவ்வளவு கஷ்டத்துக்குப் பேசாம டீசல் என்ஜின் போட்டுடலாமே?

போட்டவர்கள் ஏராளம். இயந்திர வழியில் பார்த்தால், டீசல் என்ஜின் கனம், முன் ஸ்பிரிங் தாழும். 5.38 விகித ஆக்சிலும் மூன்று கியர் பாக்ஸும் வேகமாகச் சுற்றும் பெட்ரோல் என்ஜினுக்காக அமைந்தவை. மெதுவாகச் சுற்றும் டீசலோடு சேர்த்தால் சமவெளியில் வண்டி ஊரும். ஆக்சில், கியர் பாக்ஸ், மவுன்ட், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும்.

சட்ட வழியில், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. என்ஜினையும் எரிபொருளையும் மாற்றும் முன் ஆர்டிஓ அனுமதி வாங்கி, ஆர்சியில் ஏற்ற வேண்டும். ஆர்சியில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல் என்று இருக்கும் வண்டிக்கு எஃப்சி புதுப்பிக்கும்போதும் விபத்துக் காப்பீடு கேட்கும்போதும் சிக்கல் வரும். இருக்கும் பிளாக்கையே போர் செய்வதற்கோ ஸ்லீவ் போடுவதற்கோ என்ஜின் எண் மாறுவதில்லை. ஆனால் பிளாக்கைச் சுத்தம் செய்யக் கொடுக்கும்போது, எண் பொறித்த பட்டையைக் கிரைண்டரால் தொடக் கூடாது என்று பட்டறையில் முன்கூட்டியே சொல்லி, எண்ணை ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.